தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

எனக்குப் பிரிவு விழா நடத்தி, மாலை போட்டு, பூந்தி கொடுத்து, போட்டோவும் பிடித்து முடித்தபின், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நர்சுப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சிஸ்டர், ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தோம். எந்தக் கொழந்த வந்தாலும் நீங்க மட்டும் மொதல்ல கையப் பின்னால கட்டிக்கினு சும்மா நிக்கிறீங்களே, அது இன்னாத்துக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பயத்துக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வயசாகிவிட்டால் நாம் எதைச் சொன்னாலும் தமாஷ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொன்னது முழு நிஜம். அவர்கள் சிரித்த சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் தறியின் சத்தம் திடீரென்று நின்றால்கூட எழுந்து வாசலுக்கு ஓடிவிடுவேன். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான், குழந்தை இல்லை. அண்ணன் என்னை வேலூரில் நர்சுப் படிப்புக்குச் சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கழுவினேன், கொதிக்க வைத்தேன், திட்டு வாங்கினேன், முதல் ஆபரேஷனில் மயக்கம் போட்டு விழுந்தேன். எப்படியோ பாஸ் ஆனேன். ஆம்பூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சேரும்போதே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் குழந்தை எதையும் மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. தூக்கலாம், குளிப்பாட்டலாம், மருந்து புகட்டலாம், ஆனால் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொள்ளக் கூடாது. மடியில் இருந்த குழந்தை போய்விட்டால் அப்புறம் அந்த மடியை என்ன செய்வது என்று பயம்.

அங்கே டாக்டராக இருந்தவர் ஞானசுந்தரி அம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், வெள்ளைச் சேலை, மூக்கில் இறங்கி இறங்கி வரும் கண்ணாடி. சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. அதனால்தான் அவரிடம் எனக்கு அவ்வளவு பயம். முதல் நாளே, இருமிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தூக்கினேன். "ஏட்டி, கீழ வை" என்றார். வைத்தேன். "கையப் பின்னால கட்டு." கட்டினேன். "இப்ப பாரு. பிள்ள எப்படிக் கெடக்கு, எந்தப் பக்கம் திரும்புது, மூச்சு எங்க இழுக்குது, எதுக்கு அழுவுது, எதுக்கு அழல. கை முந்திப் போயிட்டுன்னா கண்ணு போயிரும். கை தொட்டதும் பிள்ள அழும், அப்புறம் நீ பாக்கிறது வியாதிய இல்ல, உன்னய." பிறகு தம் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அதன்பிறகே குழந்தையைத் தொட்டார். குளிர்ந்த கையோடு அவர் ஒரு குழந்தையைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பழக்கத்தின் அருமை எனக்கு விளங்கியது ஒரு தோல் மண்டி முதலாளி வீட்டுக் குழந்தையால். பிறந்து இரண்டு மாதம் இருக்கும். கொழுகொழுவென்று இருந்தது. அழுதது, ஆனால் சத்தம் வரவில்லை. வாயை அகலத் திறக்கிறது, முகம் சிவக்கிறது, கண்ணில் நீர் வழிகிறது, ஒரு சின்னச் சத்தம் கூட இல்லை. சத்தமில்லாமல் அழும் குழந்தையைப் போல் பயங்கரமான காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. கூட வந்த மாமியார், "இன்னா டாக்டரம்மா, தொண்டையில எதுனா அடச்சிக்கினு கீதா? ரெண்டு நாளா ஜாஸ்தியாய்டுச்சி" என்று தவித்தார்.

டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பார்த்தது குழந்தையை அல்ல, தாயை. அந்தப் பெண் கட்டிலிலிருந்து இறங்கும்போது தரை எங்கே என்று தேடுவது போலக் காலை வைத்தாள். "கால் மரத்துப் போகுதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "என்ன சாப்பிடுதே?" பிள்ளை பெற்ற நாளிலிருந்து மிஷினில் தீட்டிய வெள்ளை வெளேரென்ற பச்சரிசிச் சோறும் மிளகு ரசமும்தான், வேறெதுவும் கொடுக்கவில்லை. பெரிய வீட்டுப் பத்தியம். புழுங்கலரிசி கூலிக்காரர்கள் சாப்பிடுவது என்று அவர்கள் வீட்டில் நினைப்பு. டாக்டரம்மா என்னிடம் திரும்பி, "அரிசி மில்லுக்கு ஆளனுப்பி நல்ல அரிசித் தவிடு வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார். நான் ஆஸ்பத்திரி மாட்டுக்கு என்று நினைத்தேன்.

மாட்டுக்கு இல்லை. தவிட்டைச் சலித்து, ஊறவைத்து, காய்ச்சி, துணியில் வடிகட்டி அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினோம். கொஞ்ச நாள் தாய்ப்பாலை நிறுத்தினோம். தாய்க்குப் புழுங்கலரிசிக் கஞ்சியும் தவிட்டு அடையும். தாயின் உடம்பில் இல்லாத சத்து பாலிலும் இல்லை, அதில்லாமல் குழந்தையின் நெஞ்சு தளர்ந்து குரல் நரம்பும் போய்விடும், கொழுகொழுவென்று இருப்பது வீக்கம், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உறக்கத்திலேயே போயிருக்கும் என்று பிற்பாடு எனக்குச் சொன்னார். ஒரு காலையில் வார்டிலிருந்து பூனை கத்துவது போல ஒரு சத்தம் கேட்டது. அந்தக் குழந்தையின் அழுகை. மாமியார் ஓடிவந்து, "அழுவுது, அழுவுது!" என்று சந்தோஷத்தில் கத்தினார். அதற்குப் பிறகு எங்கள் மருந்து அறையில் ஒரு தகர டின்னில் எப்போதும் தவிடு இருக்கும். அந்த டின்னைத்தான் நீங்கள் மறந்துவிடக் கூடாது.

இனி அடைப்பான் வந்த குழந்தையின் கதை.

ஒரு கோடைக்காலக் காலையில் முனுசாமி என்பவனும் அவன் பெண்டாட்டி அஞ்சலையும் ஒரு ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முனுசாமிக்கு ஒரு டேனரியில் வேலை. வடக்கே இருந்து ரயிலில் வரும் பச்சைத் தோல் கட்டுகளைப் பிரித்து, சுண்ணாம்புத் தொட்டியில் இறக்குகிறவன். குழந்தைக்கு நடை வந்து சில மாதம்தான் ஆகியிருக்கும். பேர் குப்பன். அஞ்சலைக்கு அதற்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவது தங்க வேண்டுமென்றால் பேர் மட்டமாக இருக்க வேண்டும் என்று வைத்த பேர் அது.

"கழுத்துல கொப்புளம் மாதிரி வந்திச்சிம்மா. மூணு நாளு. இப்ப கறுத்துப் பூட்ச்சி, வீங்கிக்கினே போவுது" என்றாள் அஞ்சலை.

நான் கையைக் கட்டினேன். டாக்டரம்மாவும் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழந்தையின் கழுத்தில் இடது பக்கம் கரித்துண்டு ஒட்டியது போல ஒரு கறுப்பு. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். தாடையிலிருந்து தோள்வரை வெளுத்து, மெத்தென்று உப்பியிருந்தது. காய்ச்சலில் கண் செருகியிருந்தது. ஈ ஒன்று வந்து அந்தக் கறுப்பின்மேல் உட்கார்ந்தது. குழந்தை கையைக்கூட ஆட்டவில்லை.

டாக்டரம்மா கைகளைத் தேய்த்துக்கொண்டார். கறுப்பின் ஓரத்தை விரலால் லேசாகத் தொட்டார், பிறகு கொஞ்சம் அழுத்தமாக. குழந்தை அழவில்லை. இன்னொரு விரலால் அதன் காதைச் சும்மா நிமிண்டினார். அழுதது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இத்தனை பெரிய புண் வலிக்கவே இல்லை. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. "யாரும் இத அமுக்கக் கூடாது, கீறக் கூடாது. ஊசிகூடப் படக் கூடாது" என்றார். மெல்லத்தான் சொன்னார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகுதான் கழுத்தில் கிடந்ததைப் பார்த்தார். ஒரு விரல் அகலத்தில் தோல் வார். மயிர் இன்னும் போகாத பச்சைத் தோல், காய்ந்து முறுக்கிக்கொண்டு, அந்தக் கறுப்பின்மேல் உரசிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

முனுசாமி பெருமையாகத்தான் சொன்னான். "கொப்புளம் வர்றதுக்கு மின்னாடியே நான் கட்னதுங்க. செத்த மாட்டோட தோலு கழுத்துல இருந்தா, புள்ளயத் தூக்கினு போவ வர்றது அதப் பாத்துட்டு, 'இங்க வேல முடிஞ்சிது'ன்னு திரும்பிப் பூடும். தொட்டியில எறங்கின தோலுல அந்த வேகம் இருக்காது. அதான் கட்டுப் பிரிக்கும்போதே மயிரோட அறுத்துக்கினு வந்தேன்."

சுண்ணாம்பில் இறங்கி, ஆவாரம்பட்டையில் ஊறி, பதமாகி வந்த தோலைக் கட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பிள்ளைமேல் இருந்த உயிரினால்தான் அவன் தேடிப்பிடித்துப் பச்சைத் தோலாகக் கட்டினான்.

டாக்டரம்மா இடுக்கியால் வாரைப் பிடித்து, கத்தரியால் நறுக்கித் தட்டில் போட்டார். அஞ்சலை போட்ட கூச்சலில் வார்டில் இருந்த எல்லாக் குழந்தைகளும் அழுதன. "கழட்டாதம்மா! அது போனா என் புள்ள பூடும்மா!" அந்த வாரைக் கொல்லையில் அடுப்பில் போட்டு எரித்தவள் நான். மயிர் பொசுங்கும் நாற்றம் என் மூக்கைவிட்டுப் போக நாளாயிற்று.

கொப்புளத்து நீரை அமுக்காமல் மெல்லிய கண்ணாடிக் குழலில் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் போட்டு, எங்களிடமிருந்த ஒரே மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். மூங்கிலைத் துண்டு துண்டாக வெட்டி வரிசையாகப் போட்டது போல இருந்தது. "மாட்டுக்கு வருமே, அடைப்பான். அதுதான், அந்தப் பச்சத் தோல்ல இருந்து வந்திருக்கு" என்றார். காலையில் புல் தின்றுகொண்டிருந்த மாடு மத்தியானம் வயிறு உப்பி விழுந்து கிடப்பதை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். அது இந்தப் பிஞ்சுக் கழுத்தில். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் என் விரல் ஞாபகம் வந்தது. அன்று காலை வெண்டைக்காய் நறுக்கும்போது அரிவாள்மணையில் லேசாக வெட்டிக்கொண்டிருந்தேன். "எனக்கும் வந்துடுமா டாக்டரம்மா?" என்று கேட்டேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் விரலை லோஷனில் நனைத்து, தாமே கட்டுப்போட்டு, ரப்பர் உறை மாட்டிவிட்டார். "பயமா இருக்கா? இருக்கட்டும். பயப்படுதவதான் ஒழுங்காக் கை கழுவுவா" என்றார்.

இதற்கு இருந்த மருந்து ஒன்றுதான், குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம். எங்களிடம் இல்லை. சென்னைக்குத் தந்தி அடித்தோம், சாயந்திர ரயிலில் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. அதுவரை பிள்ளையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். வீக்கம் உள்பக்கமாக இறங்கிக் குரல்வளையை நெரித்தால் கழுத்தைத் திறந்து குழாய் வைக்க வேண்டும். ஆனால் அந்தக் கழுத்தில் கத்தி வைத்தால் விஷம் ரத்தத்தில் இறங்கிவிடும். வைக்காவிட்டால் மூச்சு போய்விடும். டாக்டரம்மா குழாயையும் கத்தியையும் கொதிக்க வைத்து, துணி போட்டு மூடி, கட்டில் ஓரத்தில் வைத்தார். அந்தத் துணியைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மத்தியானம் வீக்கம் மார்புவரை பரவியது. இந்த வியாதியில் அப்படித்தான் ஏறி, பிறகுதான் இறங்கும் என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லியிருந்தார். அஞ்சலைக்கு அதையெல்லாம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே. வார் கழுத்தில் இருந்தவரை பிள்ளை உயிரோடு இருந்தான். கழற்றினார்கள், மோசமாகிவிட்டான். முனுசாமி எழுந்து போனான். வேறு வார் அறுத்துவரப் போயிருக்கிறான் என்று கேட்காமலேயே எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, குழந்தை குறுக்கே கிடக்கும் ஒரு பிரசவ கேஸ் வந்தது. டாக்டரம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வேலையில் கையை வைத்துவிட்டால் நடுவில் வெளியே வர முடியாது. வார்டில் நான் ஒருத்திதான். திரும்பிப் பார்க்கிறேன், அஞ்சலை குப்பனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கிப் போகிறாள். ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் தொண்டையில் கிரீச் கிரீச்சென்று சத்தம்.

ஓடிப்போய்க் கதவை மறித்தேன். "எங்கேம்மா போறே? மருந்து சாயந்திர ரயில்ல வந்துடும்."

"உடும்மா. மூணத் தோண்டிப் பொதச்சவ நான். இந்தச் சாபம் எனக்குன்னு வந்தது. எங்கிட்ட இருக்கிறவரைக்கும் புள்ள தங்காது. அவரு வார் கொண்டாருவாரு, கட்டிடுவேன்."

அவளைத் தள்ளிப் பிள்ளையைப் பிடுங்கவும் முடியாது, கழுத்து ஒரு ஆட்டம் ஆடினால் போச்சு. என்ன சொல்வது என்று யோசித்துச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் நெசவுத் தெருவில், பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அதற்கப்புறம் அது அவள் பிள்ளை. பெற்றவள் வளர்க்கலாம், ஆனால் என் பிள்ளை என்று வாயெடுக்கக் கூடாது. தேடி வருவது ஆள் மாறிவிட்டதென்று போய்விடும். அது எப்படியோ என் வாயில் வந்துவிட்டது.

"உன்கிட்ட தங்காதுன்னா எனக்கு வித்துடு. தவிட்டுக்கு."

அஞ்சலை நின்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குப் புள்ளைங்க கீதா?"

"இல்ல."

"செத்திருக்குதா?"

"பொறக்கவே இல்ல."

"அப்ப அதுக்கு உன்மேல கண்ணு இல்ல" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "தவிடு எங்க?"

மருந்து அறைக்கு ஓடினேன். தகர டின்னிலிருந்து இரண்டு கையாலும் தவிட்டை அள்ளிக்கொண்டு வந்து அவள் முந்தானையில் போட்டேன். ஓடிய ஓட்டத்தில் பாதி தரையில் சிந்தியது. "உக்காரு, மடியில வாங்கணும்" என்றாள். வார்டு நடுவே, சிமெண்டுத் தரையில், யூனிபாரமோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் குப்பனை என் மடியில் கிடத்தினாள். இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்த சட்டம் அந்த நிமிஷத்தில் போயிற்று. அந்தச் சின்ன உடம்பின் சூடு என் தொடையில் ஏறியது. இது போய்விட்டால் என் பிள்ளை போய்விட்டதாகத்தான் அர்த்தம் என்று தோன்றியது. அது சடங்குப் பேச்சு என்று என் படிப்பு சொன்னது, உடம்பு நம்பவில்லை. அவ்வளவு பயம் நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

முனுசாமி புது வாரோடு வந்து சேர்ந்தான். அஞ்சலை எழுந்து போய் அவனை வாசலிலேயே நிறுத்தினாள். "யாரு புள்ளைக்கு வார் கொண்டாந்தே? நான் வித்துட்டேன். இப்ப அது நர்சம்மா புள்ள. அவங்களக் கேளு." அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டி, வேண்டாம் என்றேன். அவன் வாரை இடுப்பில் செருகிக்கொண்டு வேப்பமரத்தடியில் போய்க் குந்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்துவரச் சொல்லி, அடுப்பில் போட வைத்தேன். என் பிள்ளைக்காக நான் போட்ட முதல் உத்தரவு அது.

பிரசவ அறைக் கதவு திறந்து டாக்டரம்மா வெளியே வந்தார். தரையெல்லாம் தவிடு, நடுவில் நான், மடியில் பிள்ளை. இதென்ன பட்டிக்காட்டுக் கூத்து என்று கேட்டு அன்றோடு என் சீட்டைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையும் தவிட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அஞ்சலை நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அப்ப உன் பிள்ளையக் கட்டில்ல போட்டு மூச்ச எண்ணு. என்னட்டி பாத்துட்டே இருக்கே?" என்றார்.

சீரம் பனிக்கட்டிப் பெட்டியில் வந்தது. அதுவும் லேசான காரியமில்லை. குதிரைச் சீரம் சில உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் நிமிஷத்தில் ஆளை அடித்துவிடும். முதலில் தோலுக்கடியில் ஒரு பொட்டு வைத்துக் காத்திருந்தோம். சிவக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த இரவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. விடிந்தபோது துணி மூடிய தட்டு திறக்கப்படாமலேயே இருந்தது. கிரீச் சத்தம் குறைந்திருந்தது. டாக்டரம்மா மறுபடியும் அந்தக் காதை நிமிண்டினார். குப்பன் வீறிட்டு அழுதான். அஞ்சலை எழுந்து ஓடிவந்து, கட்டிலுக்கு ஓரடி முன்னால் நின்றுகொண்டாள். "நர்சம்மா, உங்க புள்ள அழுவுது. பால் குடுக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டாள்.

வாரங்கள் கழித்து அந்தக் கறுப்பு பொருக்காகக் கழன்று விழுந்தது. ஒரு பள்ளமான தழும்போடு பிள்ளை வீட்டுக்குப் போனான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அஞ்சலை வாக்குத் தவறாதவள். அதற்கப்புறம் எதற்கும் என்னிடம் வந்து நிற்பாள். "உங்க புள்ளைக்கு அம்மை குத்துறாங்களாம், குத்தலாமா?" "உங்க புள்ளைய சோளிங்கர் மலைக்குத் தூக்கினு போய் மொட்டை அடிக்கட்டுமா?" "உங்க புள்ள சோறு தின்ன மாட்டேங்குறான், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க." அவன் என்னை அம்மா என்றும், பெற்றவளை அக்கா என்றும் கூப்பிட்டான். அவள்தான் அப்படிப் பழக்கியிருந்தாள். தெருவில் யாராவது "உன் புள்ளையா?" என்று கேட்டால், "சீ சீ, நர்சம்மாவுது" என்பாளாம். எனக்குக் கேட்கச் சங்கடமாக இருக்கும். அதே சமயம் சந்தோஷமாகவும் இருக்கும், ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அவனுக்குத் தும்மல் வந்தது என்று கேட்டாலும் எனக்கு அன்று வேலை ஓடாது. டேனரி வேலைக்கு அனுப்பக் கூடாது என்று சொன்னேன், அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் போடு என்றேன், போட்டார்கள்.

டாக்டரம்மா இடையில் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டார். இப்போது புண்ணுக்கெல்லாம் மாத்திரை வந்துவிட்டது என்று சின்னப் பெண்கள் சொல்கிறார்கள். வரட்டும், நல்லதுதான்.

பிரிவு விழா முடிந்து, அந்தப் பெண்கள் கேள்வி கேட்டுச் சிரித்து, கலைந்து போனபின் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். குடியாத்தத்தில் அண்ணன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அஞ்சலை வந்து வாசலில் நின்றாள். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு முறம், அதில் தவிடு. வெளியே வேப்பமரத்தடியில் குப்பன் நின்றிருந்தான், என் தோளுக்கு வளர்ந்துவிட்டவன்.

"நீங்க குடியாத்தம் போய்ட்டா நான் யாரக் கேக்கறதும்மா?" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லா வளந்துட்டான். இனிமே ஒண்ணும் வராதுன்னு நெனைக்கிறேன். திருப்பிக் குடுத்துடுங்கம்மா. சாவறதுக்குள்ள ஒரு வாட்டி என் புள்ளன்னு கூப்புடணும்" என்றாள்.

அவனுக்கு வந்தது எது, எதனால் வந்தது, எதனால் போனது என்று மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்த்தவள் நான். அந்த வாரை அடுப்பில் போட்டவளும் நான்தான். அப்படியிருந்தும் எனக்குக் கை எழவில்லை. திருப்பிக் கொடுத்து, நாளைக்கே ஏதாவது வந்துவிட்டால்? அன்றைக்குத் தேடி வந்தது எங்கேயாவது காத்துக்கொண்டு நின்றிருந்தால்? அஞ்சலையிடமிருந்து அன்றைக்கு நான் பிள்ளையை மட்டும் வாங்கவில்லை போலிருக்கிறது. நான் வெளியே வந்து, குப்பனைக் கூப்பிட்டேன். வந்து நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவனைப் பார்த்தேன். எப்படி நிற்கிறான், மூச்சு எப்படி வருகிறது, கழுத்து எப்படித் திரும்புகிறது. தழும்பு வெளுத்து, ஆறி, கழுத்தோடு கழுத்தாகியிருந்தது. அவன் நன்றாக இருந்தான்.

கட்டியிருந்த கையைப் பிரித்து, முந்தானையை விரித்து நீட்டினேன். அஞ்சலை தவிட்டைக் கொட்டினாள்.

கொட்டிவிட்டு, முறத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பினாள். முதலில் சத்தம் வரவில்லை. வாய்தான் திறந்தது. அப்புறம், "ஏ என் புள்ளே, வாடா" என்றாள்.

அவன் போகவில்லை. போகலாமா என்று என் முகத்தைப் பார்த்தான்.

"போடா" என்றேன். "உங்க அம்மா கூப்புடுறா பாரு."